சரக்கை விசாரிக்கிற நாற்காலி

நீதிபதிகளைப் பற்றி அரசாங்கம் எழுதி வைக்கிற வாழ்க்கைக் குறிப்பு என்பது தனியான ஓர் இலக்கிய வகை. கவிதை, கதை, தன்வரலாறு என்று வகை பிரித்து விமர்சனம் எழுதுகிறோமே, அந்தப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிக்குள் ஒரு மனுஷனை அடக்கம் பண்ணுகிற வேலை அது. எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தப் பட்டாளத்தில் இருந்தார், எந்த ஜனாதிபதி நியமித்தார், எந்தத் தேதியில் செனட் சபை ஒப்புக்கொண்டது, எந்த வருசம் மூத்த நீதிபதி ஆனார். கடைசியில் மரணத்தால் பணி முடிந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான், மூட்டை கட்டியாச்சு.

அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதிகள், அதாவது மாநிலக் கோர்ட்டில் இல்லாமல் மத்திய அரசின் கோர்ட்டுகளில் ஆயுள் முழுக்க உட்கார்கிற நீதிபதிகள், அத்தனை பேருக்கும் இப்படிக் குறிப்பு இருக்கிறது. அதில் ஒருவருடைய குறிப்பை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஜேம்ஸ் லோபஸ் வாட்சன். கறுப்பர். நியூயார்க் ஹார்லெம்காரர். 1922இல் பிறந்து 2001இல் இறந்தார். முப்பத்தைந்து வருசம் அவர் உட்கார்ந்திருந்த கோர்ட்டை நம்மில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அமெரிக்க சுங்க நீதிமன்றம். கஸ்டம்ஸ் கோர்ட். 1980இல் சட்டம் மாறி அது சர்வதேச வணிக நீதிமன்றம் என்று பெயர் பெற்றது. பெயர் பெருசாச்சே தவிர அடிப்படை வேலை அதுதான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற சரக்குக்கு எவ்வளவு வரி, ஏன் அவ்வளவு வரி என்று விசாரிப்பது.

வாட்சன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா ஜேம்ஸ் சாமுவேல் வாட்சன், ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர். சட்டம் படித்து 1930இல் ஹார்லெமில் தேர்தலில் நின்று ஜெயித்து முனிசிபல் கோர்ட் நீதிபதி ஆனார். அந்த நகரத்தில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பர்கள் இருவரில் அவர் ஒருவர். மகன் இரண்டாம் உலகப் போரில் 92ஆம் காலாட்படைப் பிரிவில் இத்தாலிக்குப் போனார். அது கறுப்பு வீரர்களை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்த படைப்பிரிவு. உயர் அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், சாகிறவன் கறுப்பன். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துச் சண்டை போடப் போன பட்டாளத்துக்குள்ளேயே தனிக்குவளை! வாட்சன் அங்கே காயம்பட்டார், காயம்பட்ட வீரர்களுக்குத் தருகிற பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கொடுத்தார்கள். பட்டாளத்தில் நிறப்பிரிவினை ஒழிய வேண்டும் என்று ட்ரூமன் உத்தரவு போட்டது 1948இல். அதற்குள் சண்டை முடிந்து மூணு வருசம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டம், புரூக்ளின் சட்டக் கல்லூரியில் 1951இல் சட்டம். 1954இல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்தலில் ஜெயித்தார். ஒன்பது வருசம் ஹார்லெம் சார்பில் அங்கே இருந்தார். அப்புறம் நகர சிவில் கோர்ட்டுக்கு நீதிபதியாக வந்தார். அவர் விட்டுப்போன செனட் இடத்துக்கு 1964இல் இடைத்தேர்தல் வந்தபோது ஜெயித்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. தெற்கே பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க வைக்க வழக்காடிய அதே மோட்லிதான். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1966இல் ஜனாதிபதி ஜான்சன் வாட்சனைக் கஸ்டம்ஸ் கோர்ட்டுக்கு நியமித்தார்.

குறிப்பு எழுதுகிறவருக்கு இது ஒரு வரி. எனக்கு இங்கேதான் வாசிப்பே தொடங்குகிறது. ஏன் கஸ்டம்ஸ் கோர்ட்?

இந்தக் கேள்விக்கு வாட்சன் ஒருத்தர் குறிப்பிலேயே பதில் கிடைக்காது. அவருக்கு முன்னால் அதே கோர்ட்டில் உட்கார்ந்த இரண்டு பேரையும் சேர்த்து வாசிக்கணும். முதல் ஆள் இர்வின் மோலிசன். மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்கில் பிறந்து சிகாகோவில் தொழில் செய்த வக்கீல். சிகாகோவில் கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் பத்திரம் எழுதிக்கொண்ட காலம் அது. கார்ல் ஹான்ஸ்பெரி என்கிற கறுப்பர் அப்படிப்பட்ட தெருவில் வீடு வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் அவர் பக்கம் தீர்ந்தது. அவருக்காக வாதாடிய வக்கீல் கூட்டத்தில் மோலிசனும் ஒருவர். அந்த வீட்டுப் பெண் லொரேன் ஹான்ஸ்பெரிதான் பிற்பாடு 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை எழுதியவர். நமக்கு நாடகம் தெரியும். அந்த நாடகத்துக்குப் பின்னால் இருக்கிற வழக்கு அவ்வளவாகத் தெரியாது. வழக்கில் இருந்த மோலிசனைத் தெரியவே தெரியாது.

இந்த மோலிசனை 1945இல் ட்ரூமன் கஸ்டம்ஸ் கோர்ட்டுக்கு நியமித்தார். செனட் சபை சில வாரங்களில் சரி என்றுவிட்டது. இதற்கு முன் கறுப்பர்களை நீதிபதியாகப் போட்டது கடல் தாண்டி வர்ஜின் தீவுகளில், அதுவும் தவணைப் பதவி. அமெரிக்க நிலப்பரப்புக்குள் ஆயுட்காலப் பதவியில் ஃபெடரல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர் மோலிசன்தான்.

இரண்டாம் ஆள் ஸ்கோவல் ரிச்சர்ட்சன். இவர் கதை இன்னும் விசேஷம். செயின்ட் லூயிஸ் நகரத்தில் இவரே கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரம் போட்டிருந்த தெருவில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தான் கேஸ் போட்டான். ரிச்சர்ட்சன் எதிர்த்து நின்று ஜெயித்தார். லிங்கன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். அந்தக் கல்லூரி எப்படி வந்தது தெரியுமா? லாய்ட் கெய்ன்ஸ் என்ற கறுப்பு மாணவரை மிசூரி பல்கலைக்கழகம் சட்டம் படிக்கச் சேர்க்க மறுத்தது. 1938இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தைக் கண்டித்தது. உடனே மாநில அரசு என்ன செய்தது? கெய்ன்ஸைச் சேர்த்துக்கொள்ளாமல், கறுப்பர்களுக்கென்று அவசர அவசரமாக ஒரு தனிச் சட்டக் கல்லூரியைத் திறந்தது. ஊர்க் கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுன்னு சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுக்கிற அதே கெட்டிக்காரத்தனம். கெய்ன்ஸ் 1939இல் காணாமல் போனார். இன்றுவரை என்ன ஆனார் என்று தெரியவில்லை. அந்தத் தனிக் கிணற்றிலிருந்து கறுப்பு வக்கீல்களை உருவாக்கி அனுப்பியவர்களில் ஒருவர் ரிச்சர்ட்சன். 1957இல் ஐசனோவர் இவரைக் கஸ்டம்ஸ் கோர்ட்டில் உட்கார வைத்தார்.

இடையில் 1949இல் வில்லியம் ஹேஸ்டியை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ட்ரூமன் அனுப்பினார். அவரை செனட் சபை முறைப்படி ஒப்புக்கொள்ள அடுத்த வருசம் ஆனது. மாவட்ட நீதிமன்றத்தில், அதாவது சாட்சிக் கூண்டும் ஜூரியும் இருக்கிற, ஆளைப் பிடித்து உள்ளே தள்ளுகிற அதிகாரம் உள்ள கோர்ட்டில், ஆயுட்கால நீதிபதியாக முதல் கறுப்பர் வந்தது 1961இல், சிகாகோவில், ஜேம்ஸ் பார்சன்ஸ். ஆக 1945இலிருந்து 1961 வரை அமெரிக்க நிலப்பரப்பில் ஃபெடரல் நாற்காலி பெற்ற கறுப்பர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் கஸ்டம்ஸ் கோர்ட்டில்.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டு வழக்கில் வெள்ளைக்காரத் தெருவை நடுங்க வைத்த இரண்டு வக்கீல்களைக் கொண்டுபோய் வீட்டு வழக்கே வராத கோர்ட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே வெள்ளைக்காரன் குற்றவாளியாக நிற்க மாட்டான். வெள்ளைக்காரப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள்வி வராது. ஓட்டுரிமை, போலீஸ் அடி, தூக்கில் தொங்கவிடுவது எதுவும் வராது. எதிரே வந்து நிற்பது சரக்கு. பீங்கான் கோப்பை, கைக்கடிகாரம், செருப்பு, பொம்மை. 'இந்தக் கறுப்பன் நம்மை விசாரிப்பதா?' என்று தெற்கத்தி செனட்டர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத இடம்.

1966ஆம் வருசத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரே ஜனாதிபதி, ஒரே நகரம், ஒரே செனட் தொகுதியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பேர். வாட்சனைக் கஸ்டம்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பினார், மார்ச்சிலேயே செனட் வேலை முடிந்தது. மோட்லியை நியூயார்க் தென் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஜனவரியில் முன்மொழிந்தார். மிசிசிப்பி செனட்டர் ஈஸ்ட்லேண்ட் கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டி இழுத்தடித்தார். ஒப்புதல் வர ஆகஸ்ட் கடைசி ஆனது. சர்க்யூட் கோர்ட்டுக்குப் போன தர்குட் மார்ஷலுக்கு அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருசம் ஆகியிருந்தது. எந்தக் கதவு சுலபமாகத் திறக்கிறது, எது திறக்க மறுக்கிறது என்பதைத்தான் குறிப்புகளில் இருக்கிற தேதிகள் சொல்கின்றன. தேதிகள் பொய் சொல்வதில்லை, சும்மா வரிசையில் நிற்கும். நாம்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கணும்.

1966இல் நிலைமை கொஞ்சம் இளகியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஜான்சன் மோட்லியை அனுப்பினார், அடுத்த வருசம் மார்ஷலை உச்ச நீதிமன்றத்துக்கே அனுப்பினார். ஆனால் தெற்கே லூசியானாவில் ஒரு கறுப்பர் ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக உட்கார 1978 ஆனது. மோலிசன் உட்கார்ந்து முப்பத்து மூன்று வருசம் கழித்து.

இன்னொரு விஷயம். இதை எழுத உட்கார்ந்தபோது என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் ஒரு வாசகம் உண்டு. அடிமை என்ற சொல்லை எழுதக் கூச்சப்பட்டு 'அப்படிப்பட்ட நபர்கள்' என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். அந்த நபர்களை இறக்குமதி செய்வதை 1808 வரை மத்திய அரசு தடை செய்ய முடியாது. ஆனால் வரி போடலாம். தலைக்குப் பத்து டாலருக்கு மிகாமல். மனுஷன் வரி அட்டவணையில் ஒரு சரக்கு! 1808இல் இறக்குமதி நின்றது. ஆனால் உள்நாட்டுக் கரையோரக் கப்பல்களில் அடிமைகளை ஏற்றிக்கொண்டு போவது நிற்கவில்லை. அந்தக் கப்பல் கேப்டன்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் பட்டியல் எழுதித் துறைமுகத்தில் கொடுக்க வேண்டும். பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம், நிறம். யாரிடம் கொடுக்க வேண்டும்? சுங்க அதிகாரியிடம்.

அந்தப் பட்டியல்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு வரிசையில் உயரம், இன்னொரு வரிசையில் நிறம். ஆக, கறுப்பரும் சுங்க இலாகாவும் சந்தித்துக்கொண்டது 1945இல் இல்லை. அதற்கு நூற்றைம்பது வருசம் முந்தி. அப்போது கறுப்பர் இருந்த இடம் மேஜைக்கு எதிர்ப்பக்கம், சரக்கு நிற்கிற இடம். மோலிசன், ரிச்சர்ட்சன், வாட்சன் மூவரும் வந்து உட்கார்ந்தது மேஜைக்கு இந்தப் பக்கம். வெள்ளைக்காரன் பாதுகாப்பான இடம் என்று நினைத்துக் கொடுத்த நாற்காலிக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருப்பது, கொடுத்தவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவனுக்கு நிச்சயமாக இல்லை.

அந்தக் கோர்ட்டின் வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லணும், இல்லையென்றால் நான் சொல்ல வருவது பிடிபடாது. சரக்கு துறைமுகத்தில் இறங்கும். சுங்க அதிகாரி அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்வார். தலைப்பைப் பொறுத்து வரி. இறக்குமதி செய்தவருக்குப் பிடிக்கவில்லையென்றால் ஆட்சேபம் தெரிவிப்பார், அப்புறம் கோர்ட். கோர்ட்டில் சரக்கின் மாதிரியைக் கொண்டுவந்து வைப்பார்கள். இது காய்கறியா பழமா, உடையா விளையாட்டுச் சாமானா, செருப்பின் மேல்பாகம் தோலா துணியா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். தக்காளி காய்கறியா பழமா என்ற கேள்வியை 1893இல் உச்ச நீதிமன்றமே விசாரித்துக் காய்கறி என்று தீர்ப்பு சொன்னது. எந்தத் தலைப்பிலும் வராத சரக்குக்கென்று கடைசியில் ஒரு தலைப்பு இருக்கும். 'வேறெங்கும் குறிப்பிடப்படாதவை.' நாலு வர்ணத்துக்குள் அடங்காதவனையெல்லாம் தூக்கி அஞ்சாவதாகப் போட்டு பஞ்சமன் என்று பேர் வைத்தவனுக்கு இந்த முறை நன்றாகப் புரியும்.

2003இல் அந்தக் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. எக்ஸ்மென் என்கிற சினிமா, படக்கதைக் கதாபாத்திரங்களின் பொம்மைகள். மனித உருவத்தைக் குறிக்கிற பொம்மை என்றால் 12 சதம் வரி. மனிதர் அல்லாத ஜீவன்களைக் குறிக்கிற விளையாட்டுச் சாமான் என்றால் 6.8 சதம். இறக்குமதி செய்த கம்பெனி, 'எங்கள் பொம்மை மனுஷன் இல்லை' என்று வாதாடியது. நீதிபதி ஜூடித் பார்சிலே அந்தப் பொம்மைகளைப் பார்த்து, நகம், இறக்கை, வால் எல்லாம் பரிசீலித்து, ஆமாம் இவை மனிதரைக் குறிப்பவை அல்ல என்று தீர்ப்பளித்தார். மனுஷர்களோடு மனுஷர்களாக வாழ விட மாட்டேன் என்கிறார்களே என்று அந்தக் கதையில் வருகிற பாத்திரங்கள் ஏங்குகிறார்கள். அந்தப் பாத்திரங்களின் பொம்மையை மனுஷன் இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. வரி மிச்சம்! இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். யார் மனுஷன் என்று முடிவு செய்கிற அதிகாரம் எந்தெந்த மேஜையில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

அதே 2003இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, நியூயார்க்கில் அந்தக் கோர்ட் இருக்கிற கட்டிடத்துக்கு ஜேம்ஸ் எல். வாட்சன் பெயரை வைத்தது.

'முதல் கறுப்பர்' என்று சொல்கிற வாக்கியமே ஒரு சுங்கத் தலைப்புதான் என்பது என் வாசிப்பு. முதல் கறுப்பு நீதிபதி, முதல் தலித் நீதிபதி, முதல் தலித் கலெக்டர். அந்தத் தலைப்பில் போட்டுவிட்டால் அப்புறம் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். எந்த நாற்காலி, என்ன அதிகாரம், யாருக்கு மேல் அதிகாரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கை தட்டிவிட்டுப் போகலாம். நம் பத்திரிகைகளும் இந்தத் தப்பைச் செய்கின்றன. போன தலைமுறைத் தோழர்கள் கறுப்பு இலக்கியத்தைத் தமிழில் கொண்டுவந்தபோது கவிதை வந்தது, தன்வரலாறு வந்தது, சிறுத்தைகள் வந்தார்கள். கறுப்பு வக்கீல்கள், நீதிபதிகள் வரவில்லை. அவர்கள் அரசாங்கத்தோடு போய்ச் சேர்ந்தவர்கள் என்று ஒதுக்கிவிட்டோமோ என்னவோ.

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய வக்கீல் ஆபீசில் ஜூனியராக இருந்தேன். ஐந்து ஜூனியர்கள். கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசுகிற வேலை நாலு பேருக்கு. எனக்கு வாய்தா வாங்குவதும் நகல் மனு போடுவதும். வன்கொடுமை வழக்கு வந்தால் மட்டும் கட்டு நேராக என் மேஜைக்கு வரும். 'தம்பி, இது உங்க ஆளுங்க கேசு, நீங்களே பாத்துக்குங்க.' அன்பாகத்தான் சொல்வார் சீனியர். காப்பி வாங்கிக் கொடுத்தே சொல்வார். சொத்து வழக்கு, கம்பெனி வழக்கு, வரி வழக்கு ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை. அமெரிக்காவில் கறுப்பனை அவன் ஆளுங்க கேசிலிருந்து தள்ளி வைத்தான். இங்கே நம்மை நம்ம ஆளுங்க கேசுக்குள்ளேயே பூட்டி வைத்தான். இரண்டும் தலைகீழ் மாதிரித் தெரியும். ஆனால் நாற்காலியை யார் பிரித்துக் கொடுக்கிறான் என்று பார்த்தால் ஒரே கைதான். தமிழ்நாட்டில் கட்சி மாறி மாறி ஆட்சி வந்தாலும் ஆதிதிராவிடர் நலத்துறை யாருக்குப் போகும் என்று பதவியேற்புக்கு முந்தின நாளே ஊருக்கே தெரியுமே.

நம் உச்ச நீதிமன்றம் 1950இல் தொடங்கியது. முதல் தலித் நீதிபதியாக ஏ. வரதராஜன், நம்ம தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய்ச் சேர்ந்தது 1980இல். கே.ஜி. பாலகிருஷ்ணன் 2007இல் தலைமை நீதிபதி ஆனார். 2010இல் அவர் ஓய்வு பெற்ற பிறகு 2019இல் பி.ஆர். கவாய் வரும்வரை ஒன்பது வருசம் ஒரு தலித்கூட அங்கே இல்லை. கேட்டால், நீதித்துறையில் இடஒதுக்கீடு வந்தால் தகுதி கெட்டுப்போகும் என்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். வாட்சன் உட்கார்ந்த கோர்ட்டில் மொத்தம் ஒன்பது நீதிபதிகள். ஐந்து பேருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவர் இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கட்சிக்கு இடஒதுக்கீடு! வரிக் கொள்கையில் இரண்டு கட்சிக்கும் இரண்டு கருத்து, அதனால் நீதி ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற பயம். சரியான பயம்தான். செருப்புக்கு வரி போடுகிற விஷயத்தில் நீதிபதியின் சார்பு தீர்ப்பைப் பாதிக்கும் என்று ஒப்புக்கொள்கிற உலகம், மனுஷனைக் கொன்ற வழக்கில் நீதிபதியின் சாதி தீர்ப்பைப் பாதிக்காது என்று நம்மிடம் சத்தியம் பண்ணச் சொல்கிறது.

ஒன்று கேட்பார்கள், வாட்சனும் மோலிசனும் ஏற்கெனவே படித்த குடும்பம்தானே, அப்பன் நீதிபதி, அப்பன் வக்கீல், இவர்கள் என்ன ஒடுக்கப்பட்டவர்கள் என்று. 'கிரீமி லேயர்' என்று நம்மூரில் சொல்வார்கள். அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் நீதிபதியாக இருந்த வெள்ளைக்கார நீதிபதியிடம் போய் இதை ஒருத்தனும் கேட்டதில்லை. அப்பா நீதிபதியாக இருந்தும் மகனைத் தனிப் பட்டாளத்தில்தானே போட்டார்கள்.

அதற்காக வாட்சன் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார், பொம்மை நீதிபதி என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் அப்படி எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. சுங்கச் சட்டம் லேசான சட்டம் இல்லை. பெரிய கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே, ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துக் கோடிக்கணக்கான பணத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுகிற வேலை. அதை ஒரு கறுப்பர் 1966இலிருந்து செய்தார். 1991இல் மூத்த நீதிபதி ஆன பிறகும் சாகும்வரை அந்தக் கோர்ட்டோடு இருந்தார். ரிச்சர்ட்சனும் 1982இல் இறக்கும்வரை அங்கேதான். தள்ளி வைக்கிற இடமாகக் கொடுத்ததை இவர்கள் விட்டுக்கொடுக்காத இடமாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரு இடத்துக்குள் நுழைந்த பிறகு அந்த இடம் என்னவாகும் என்பது கொடுத்தவன் கையில் முழுக்க இல்லை.

1971இல் நிக்சன் இறக்குமதிக்கெல்லாம் 10 சதம் கூடுதல் வரி போட்டார். வாட்சனும் ரிச்சர்ட்சனும் நீதிபதிகளாக இருந்த அந்தக் கஸ்டம்ஸ் கோர்ட்தான் 1974இல், ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருசம் மேல் கோர்ட் அதை மாற்றிவிட்டது. மறுபடியும் 2025 ஏப்ரலில் டிரம்ப் உலகத்து நாடுகளுக்கெல்லாம் வரி அறிவித்தார். நெருக்கடி நிலைச் சட்டம் ஒன்றைக் காட்டி, தன்னிஷ்டத்துக்கு. சிறு வியாபாரிகளும் சில மாநில அரசுகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். எந்தக் கோர்ட்? வாட்சன் பெயர் எழுதியிருக்கிற கட்டிடத்தில் இருக்கிற கோர்ட். 2025 மே 28ஆம் தேதி மூன்று நீதிபதிகள் ஒருமனதாக, ஜனாதிபதிக்கு இப்படி வரி போட அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றார்கள். ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதையே சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்த ஆகஸ்டில்தான் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதமாக ஏறியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப்பில் வேலை செய்கிற நம் ஜனங்களுக்கு இது பேப்பரில் படிக்கிற செய்தி இல்லை. தோலைத் தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கி வைத்த வேலை. அதே தோல் ஷூவாகி அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது, மேல்பாகம் என்ன, அடிப்பாகம் என்ன, எந்தத் தலைப்பு, எவ்வளவு சதம் என்று ஒரு மேஜையில் முடிவாகிறது. அந்த முடிவில் தகராறு வந்தால் போய்ச் சேர்கிற இடம் நியூயார்க்கில் வாட்சன் பெயர் வைத்த கட்டிடம். நம் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அரசியல் சட்டமும் வன்கொடுமைச் சட்டமும் படிக்கிறார்கள், படிக்க வேண்டும். சுங்கச் சட்டத்தை, வரிச் சட்டத்தை, கப்பல் சட்டத்தை நம்மில் யார் படிக்கிறோம்? வாட்சனின் தீர்ப்புகள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. ஒரு நாலைந்தையாவது யாராவது எடுத்து வாசித்து நம் பக்கங்களில் எழுத வேண்டும். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனாலும் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன்.